பால் தீய்கிறது

காய்ச்சல் ஐந்தே நாளில் போய்விட்டது.
போகிறபோது மூக்கையும் கொண்டுபோனது
எனக்கு உடனே தெரியவில்லை.
ஆறாம் நாள் மாவு அரைத்து வைத்துவிட்டு
மூடியைத் திறந்து முகர்ந்தேன்.
தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது.
இன்னும் குனிந்தேன்
மூக்கு நுனியில் மாவு ஒட்டியது, அவ்வளவுதான்.

பெரம்பூரில் எழுபது வீட்டுக்கு இட்லி மாவு நான்தான்.
சித்திரையில் நாலு மணி நேரம்
மார்கழியில் ராத்திரி முழுக்க என்று
மாவுக்குக் கடிகாரம் பார்த்ததில்லை,
அந்த வாசனை வந்து என்னை எழுப்பும்.
இப்போது நான் ஜெயந்தனை எழுப்பினேன்.
ஒன்பது வயது. பாதிக் கண்.
"புளிச்சிருச்சாடா?"
"ம்."
அவன் எதற்கும் 'ம்' சொல்வான் என்பது
பதினோரு பாக்கெட் திரும்பி வந்த அன்றுதான் தெரிந்தது.
அப்புறம் காதை வைத்தேன்.
உள்ளே குமிழ்கள் உடைந்துகொண்டிருந்தன,
மழை விட்ட பிறகு
சன்ஷேடு சொட்டுகிற சத்தத்தில்.

உப்பு கரித்தது, மிளகாய் எரிந்தது,
மீதியெல்லாம் சூடான பஞ்சு.
எத்திராஜ் வேலை விட்டு வந்து
சட்டையைக் கழற்றி மாட்டுவார்.
ரயில் பெட்டிக்கு அடிக்கிற பெயின்ட், வேர்வை, அவர்,
மூன்றும் இல்லாமல்
வெறும் சட்டை தொங்கும்.

"நரம்பு திரும்ப வளரும், பழக்கணும்" என்றார் டாக்டர்.
நாலு டப்பா:
கிராம்பு, எலுமிச்சைத் தோல், நீலகிரித் தைலம், பன்னீர்.
காலையும் ராத்திரியும்
ஒவ்வொன்றுக்கும் இருபது எண்ண வேண்டும்,
எண்ணும்போது அந்த வாசனையை நினைக்க வேண்டும்.
பன்னீரை நினைத்தால்
ஏதோ கல்யாண வாசலில் சொம்பைச் சாய்த்த கையும்
அதன் பச்சை வளையலும் வந்தன.
வாசனை வரவில்லை.

மூன்றாம் மாதம் வந்தது. தப்பாக வந்தது.
வெங்காயம் வதக்கினால் டயர் எரிந்தது.
காபி, நனைந்த சாம்பல்.
எத்திராஜின் கழுத்தில்
அழுகிய முட்டைகோஸ்.
சொல்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.
அவர் மறுநாள் சோப்பை மாற்றினார்.
அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம்
பால் தீய்கிற வாசனை.
சுத்தமாக, சந்தேகமே இல்லாமல்.
என் அடுப்பு அணைந்திருந்தது.
மேல்வீட்டு பிலோமினாவுடன்
தண்ணீர் மோட்டார் சண்டையில்
எட்டு மாதமாகப் பேச்சில்லை.
செருப்புகூடப் போடாமல் ஏறித் தட்டினேன்.
"உங்க பால் தீயுது!"
அவள் உள்ளே பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"இன்னிக்குப் பாலே வாங்கலையே."
காரணத்தைச் சொல்லவேண்டி வந்தது,
காய்ச்சலிலிருந்து டயர் வரைக்கும், வாசலில் நின்றபடி.
முட்டைகோஸை மட்டும் விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை மறுபடியும் அதே பால்.
பாதிப் படி ஏறி
கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
பிறகு இறங்கிவிட்டேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து அவள் கீழே வந்தாள்,
துணியால் பிடித்த பாத்திரம், அடி கறுத்து.
"இந்தத் தடவை நிஜமாவே தீஞ்சுபோச்சு.
ஓடி வருவீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன்."

மாவு வாளிகளுக்கு நடுவே அதை வைத்தோம்.
ஜெயந்தன் வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு வந்தான்.
குனிந்து எண்ண ஆரம்பித்தேன்.
பத்து. பன்னிரண்டு. சூடு மட்டும்.
பதினாறில் டயரின் ஓரம்.
பதினெட்டில் அதற்குப் பின்னால்
நூல் அளவுக்கு ஏதோ ஒன்று,
கொஞ்சம் கசந்து, கொஞ்சம் இனித்து,
பிடிப்பதற்குள் போய்விட்டது.
கரண்டியால் அடியைச் சுரண்டி
வாயில் போட்டுக் கண்ணை மூடினேன்.

"வருதா?" என்றாள் பிலோமினா.

"ம்" என்றேன்.

ஜெயந்தன் நிமிர்ந்து
என்னை ஒரு மாதிரி பார்த்தான்.